மெஹக்குக்கு ஒரு கேமரா

மயிலாப்பூர்
4 ஜூலை 2025

புகழேந்தி அவர்களுக்கு,

ஸலாம் சொல்லி ஆரம்பிக்கவில்லை. நலமா என்றும் கேட்கவில்லை. நான் ஹம்மாதின் மனைவி உம்மே ஹானி. கோர்ட்டில் உங்களைப் பார்த்த நாளுக்குப் பிறகு உங்கள் பெயரை வாயால்கூடச் சொன்னதில்லை. இன்றைக்குக் கையால் எழுத வேண்டியதாகிவிட்டது.

மெஹக்குக்குப் பதினெட்டு வயது. அடையாறு பக்கம் ஒரு கல்லூரியில் விஸ்காம் சேர்ந்திருக்கிறாள். செப்டம்பரில் ஹம்பிக்குக் கூட்டிப்போகிறார்கள். போன இடத்தில் படம் எடுத்து வந்து காட்ட வேண்டுமாம். கல்லூரியில் இருக்கிற கேமராக்கள் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்கே பத்தவில்லை. சொந்தமாக ஒன்று வேண்டும் என்கிறாள். இருபத்தைந்தாயிரத்துக்கு மேல் என்னால் ஆகாது. என் அண்ணன் உமர் ஃபாரூக், போனே போதும் என்கிறார். தி.நகரில் ஒரு ஷோரூமுக்குப் போய்ப் பார்த்தோம். அங்கே இருந்த பையன் பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. எதைக் கேட்டாலும் அதைவிட விலை கூடியதை எடுத்து வைத்தான்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மெஹக் கேட்டாள், அத்தா முதல்முதலாக வாங்கியது எந்தக் கேமரா என்று. எனக்குத் தெரியவில்லை. எங்கள் கல்யாணத்துக்கு முன்னால் வாங்கியது. பதின்மூன்று வருஷம் கூட வாழ்ந்தேன், ஒருநாள்கூடக் கேட்டதில்லை. அது தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான் மிச்சம். கே.கே. நகர் கல்யாண மண்டபத்துப் படியில் அவரைப் பிடித்துத் தள்ளிச் சாகடித்தவரிடமே போய் இதைக் கேட்க வேண்டியிருக்கிறது. என் நிலைமை அப்படி.

ஆகவே இரண்டு விஷயம் மட்டும் எழுதுங்கள். அவர் முதலில் வாங்கிய கேமரா எது. இந்தப் பணத்தில் மெஹக்குக்கு எதை வாங்கலாம். வேறு எதுவும் வேண்டாம். மன்னிப்புக் கேட்டு எழுதினால் பாதியில் கிழித்துவிடுவேன். நான் மன்னித்துவிட்டதாகவும் நினைக்க வேண்டாம். மெஹக்குக்கு இது தெரியக்கூடாது, யாரிடமும் சொல்லக்கூடாது. பதிலை வீட்டுக்குப் போடாமல், நான் வேலை பார்க்கும் தி.நகர் தையல் கடைக்கு, சொர்ணம் அக்கா பெயரில் போடுங்கள். முகவரி பின்பக்கம்.

உம்மே ஹானி


புழல்
15 ஜூலை 2025

உம்மே ஹானி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. கேட்டதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

முதல் கேமரா பென்டாக்ஸ் கே1000. ஃபிலிம் போடுகிற கேமரா. நானும் ஹம்மாதும் மயிலாப்பூர் வெங்கடரமணன் சார் ஸ்டுடியோவில் லைட் பிடித்துக்கொண்டிருந்தபோது, அவர் பழசைக் கழித்துக் கட்டினார். இரண்டு பேரும் சேர்ந்து வாங்கினோம். ஒரு வாரம் அவனிடம் இருக்கும், ஒரு வாரம் என்னிடம். அவன் வாரம் முடிந்தாலும் எளிதில் தரமாட்டான்.

இனி மெஹக்குக்கு. நான் ஜெயிலுக்குள் வந்தது 2018-இல். எனக்குத் தெரிந்தது அதுவரைக்கும்தான். இப்போது கடையில் என்னென்ன வந்திருக்கிறது என்று தெரியாது, அதனால் சில விஷயம் நீங்கள்தான் சொல்ல வேண்டும். கல்யாணத்துக்கு எடுக்கிற கேமரா வேறு, ஊர் சுற்ற எடுத்துப்போகிற கேமரா வேறு. ஹம்பியில் நாள் முழுக்க வெயிலில் பாறை மேல் நடக்க வேண்டும். கழுத்தில் கனமாகத் தொங்கினால் மத்தியானத்துக்குள் பைக்குள் போய்விடும், பிறகு வெளியே வராது. ஆகவே கனம் குறைவாக இருக்க வேண்டும், ஒரே ஒரு லென்ஸ் போதும். இரண்டு லென்ஸ், ஸ்டாண்டு, பை என்று சேர்த்துத் தருகிறோம் என்பார்கள். வேண்டாம். அந்தப் பணத்தில் கூடுதலாக ஒரு பேட்டரி வாங்கலாம்.

மெஹக் எதைப் படம் எடுப்பாள்? மனிதர்களையா, இடங்களையா? அது தெரிந்தால் சொல்வது சுலபம். எனக்கு அவளைச் சின்னப் பிள்ளையாகத்தான் தெரியும். தோளில் உட்கார்ந்துகொண்டு என் முடியைப் பிடித்து இழுப்பாள்.

புகழேந்தி


தி.நகர்
27 ஜூலை 2025

புகழேந்தி அவர்களுக்கு,

மெஹக் உங்கள் தோளில் உட்கார்ந்ததை எழுதியிருந்தீர்கள். அதை எழுத உங்களுக்கு உரிமை கிடையாது. மறுபடி எழுதினால் இது இதோடு நின்றுவிடும்.

அந்தக் கேமராவின் பெயரை மெஹக்கிடம் சொன்னேன். திடீரென்று ஞாபகம் வந்தது என்று பொய் சொன்னேன். உடனே போனில் தேடிப் பார்த்தாள். அவள் போனைத் திறந்தால் முதலில் வருகிற படம் இப்போது அந்தக் கேமராதான். இதை உங்களுக்கு ஏன் எழுதுகிறேன் என்று தெரியவில்லை. எழுதிவிட்டேன்.

அவள் இடங்களைத்தான் எடுக்கிறாள் என்று நினைக்கிறேன். பழைய கதவு, மதில் மேல் பூனை, மழைக்குப் பிறகு தெருவில் நிற்கிற தண்ணீர். கொட்டிவாக்கத்தில் என் சின்னம்மா வீட்டுக்குப் போனால் கடற்கரைக்கு ஓடிப்போய்ப் படகுகளை எடுப்பாள். மனிதர்கள் பக்கம் போனைத் திருப்பக் கூச்சப்படுகிறாள். அவர் அப்படி இல்லை என்று எனக்கு ஞாபகம்.

கடைக்காரப் பையன், டிஎஸ்எல்ஆர் என்கிற கனமான கேமராவெல்லாம் பழசு, இப்போது எல்லோரும் மிரர்லெஸ் என்கிற சின்னதைத்தான் வாங்குகிறார்கள் என்றான். மெஹக்கின் தோழி அப்படி ஒன்று வைத்திருக்கிறாளாம். கையில் அடங்கிவிடுகிறது. விலையைக் கேட்டதும் மெஹக், எனக்கு அது வேண்டாம், அதன் நிறம் பிடிக்கவில்லை என்றாள். கேமராவெல்லாம் கறுப்புதானே. அவள் எதற்குச் சொன்னாள் என்று எனக்குத் தெரியாதா?

போன் போதும் என்று சொல்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்றும் எழுதுங்கள்.

உம்மே ஹானி


புழல்
6 ஆகஸ்ட் 2025

உம்மே ஹானி அவர்களுக்கு,

இனி அப்படி எழுதமாட்டேன்.

போன் நல்ல படம் எடுக்கும். அதில் பொய் இல்லை. ஆனால் போன் தானே முடிவெடுத்துப் படத்தைச் சரிசெய்து கொடுத்துவிடும். எதனால் நன்றாக வந்தது, எதனால் கெட்டது என்று எடுத்தவருக்குத் தெரியாது. கற்றுக்கொள்ள வேண்டும் என்றால், தப்பு செய்தால் படம் கெட்டுப்போகிற கேமரா வேண்டும். உங்கள் அண்ணனுக்கு இதுதான் பதில்.

மிரர்லெஸ் நான் தொட்டுப் பார்த்ததில்லை. கனம் குறைவு என்றால் பயணத்துக்கு நல்லதுதான். ஆனால் நீங்கள் சொல்கிற பணத்துக்குப் புதிதாகக் கிடைக்காது. எல்லோரும் அதற்கு மாறுகிறார்கள் என்றால், மாறியவர்கள் விற்ற டிஎஸ்எல்ஆர் சந்தையில் குவிந்திருக்கும். அதில் சின்னதாக, தொடக்கக்காரர்களுக்கென்று வந்த ஒன்றை, கூடவே வருகிற 18-55 லென்ஸோடு வாங்குங்கள். கதவு, படகு, கோபுரம் எல்லாவற்றுக்கும் அந்த லென்ஸ் போதும்.

பழசு வாங்க சிந்தாதிரிப்பேட்டை ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போங்கள். உள்ளே சந்தில் கலீமுல்லா பாய் கடை இருக்கிறது. என் பெயரைச் சொல்ல வேண்டாம். பகலில் போங்கள். லென்ஸைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். உள்ளே சிலந்தி வலை மாதிரி தெரிந்தால் பூஞ்சை பிடித்திருக்கிறது, வைத்துவிடுங்கள். வெள்ளைச் சுவரை ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள், கறுப்புப் புள்ளிகள் இருந்தால் உள்ளே அழுக்கு. இதுவரை எத்தனை படம் எடுத்திருக்கிறது என்று கேளுங்கள். வண்டிக்குக் கிலோமீட்டர் மாதிரி அதற்கும் கணக்கு உண்டு.

கடைசியில் மெஹக் கையில் கொடுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் இருங்கள். அவள் கை அதைப் பிடிக்கிற விதத்திலேயே தெரிந்துவிடும்.

புகழேந்தி


தி.நகர்
18 ஆகஸ்ட் 2025

புகழேந்தி,

யாரிடமும் சொல்லக்கூடாது என்று எழுதியிருந்தேன் அல்லவா?

சனிக்கிழமை மெஹக்கைக் கூட்டிக்கொண்டு அந்தக் கடைக்குப் போனேன். நீங்கள் எழுதியபடியே லென்ஸை வெளிச்சத்தில் பார்த்தேன், சுவரைப் படம் எடுக்கச் சொன்னேன். மெஹக் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள். நான்கு கேமரா பார்த்து, நான்காவதைக் கையில் வாங்கினாள். நீங்கள் சொன்னது சரிதான். அவள் கை அதைப் பிடித்த விதத்தில் தெரிந்தது. அவர் பிடிப்பது போலவே இடது கையை அடியில் கொடுத்துப் பிடித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

அந்த நேரத்தில் பாய் சொன்னார்: "ஹம்மாத் பொண்ணு தானம்மா நீ? புகழு லெட்டர் போட்டுருந்தான். நீங்க வருவீங்க, நல்லதா எடுத்துக் குடுங்கன்னு."

நல்ல மனுஷர். எங்களுக்கு நன்மை செய்கிறோம் என்று நினைத்துச் சொன்னார். அவர்மேல் குற்றமில்லை.

மெஹக் கேமராவை மேசைமேல் வைத்தாள். மெதுவாக, அடிபடாமல் வைத்தாள். வெளியே போய்விட்டாள். நான் பணத்தைக் கொடுத்துவிட்டு, கேமராவையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காரவில்லை. வீட்டுக்கு வந்ததும் தையல் மிஷின் டிராயரைத் திறந்து உங்கள் கடிதங்களை எடுத்துப் படித்தாள். பிறகு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: "உனக்கு இது கேவலமா இல்லயாம்மா?"

அன்றிலிருந்து என்னோடு பேசவில்லை. ஏழு வருஷமாக எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒளிவுமறைவு ஒன்றும் கிடையாது. நாங்கள் இரண்டு பேரும்தான் மிஞ்சியவர்கள். அதையும் நீங்கள்தான் வந்து கெடுக்க வேண்டுமா?

உம்மே ஹானி


புழல்
30 ஆகஸ்ட் 2025

உம்மே ஹானி அவர்களுக்கு,

உங்களை ஏமாற்றிவிடுவார்களோ என்று பயந்துதான் பாய்க்கு எழுதினேன். நீங்கள் வேண்டாம் என்று சொன்ன பிறகு எழுதியது தப்பு. சொல்வதற்கு வேறு எதுவும் இல்லை.

இதற்குப் பதில் வேண்டாம். ஒன்று மட்டும். கேமராவைப் பையில் போட்டுப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். சும்மா கிடந்தால் கெட்டுவிடும். மெஹக் தொடவில்லை என்றால் நீங்களாவது எடுத்து நான்கு படம் எடுங்கள். எதையாவது எடுங்கள். மேலே இருக்கிற சக்கரத்தைப் பச்சை நிறத்தில் இருக்கிற குறிக்குத் திருப்பிவிட்டால் மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.

புகழேந்தி


மயிலாப்பூர்
19 செப்டம்பர் 2025

புகழேந்தி அவர்களுக்கு,

மெஹக் நேற்று ஹம்பிக்குப் போய்விட்டாள். கேமராவை எடுத்துப்போகவில்லை. போன் மட்டும்தான். எழும்பூரில் ரயில் ஏற்றிவிடப் போனேன். கையை ஆட்டவில்லை. ஆனால் ரயில் நகர்ந்த பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பினாள்.

வீட்டில் இப்போது நான் தனியாக இருக்கிறேன். நீங்கள் சொன்னது போலக் கேமராவை எடுத்து அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிர்வீட்டு மாடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அதை எடுத்தேன். பிறகு எங்கள் தெருவில் காய்கறி வண்டிக்காரரை எடுத்தேன். எல்லாம் கலங்கலாக வந்தது. அவர் எத்தனை வருஷம் இதை வைத்துப் பிழைத்தார், அந்தக் கண்ணாடி வழியாக ஒருநாள்கூட நான் பார்த்ததில்லை. கேட்டிருந்தால் காட்டியிருப்பார்.

நீங்கள் பதில் வேண்டாம் என்று எழுதியும் நான் எழுதுவதற்குக் காரணம் உண்டு. துபாயில் வேலைக்குப் போகச் சொல்லி அவரை அரித்தெடுத்தது நான்தான். உங்களோடு கல்யாணத்துக்குக் கல்யாணம் ஓடிப் படம் எடுத்து, குடும்பத்தை நிலையாக நடத்த முடியவில்லை, போய்விட்டு வாருங்கள் என்று தினமும் சொன்னேன். அதைச் சொல்லத்தான் அன்றைக்கு மண்டபத்தில் உங்களிடம் வந்தார். நீங்கள் குடித்திருந்தீர்கள். கோர்ட்டில் எல்லாம் கேட்டார்கள், இதை மட்டும் யாரும் கேட்கவில்லை. அன்றைக்கு அவர் என் பெயரைச் சொன்னாரா? என் பேச்சைக் கேட்டுத்தான் போகிறேன் என்று சொன்னாரா?

உண்மையை எழுதுங்கள். எனக்காகக் கூட்டிக் குறைத்து எழுத வேண்டாம்.

அந்தப் பழைய கேமராவை எடுத்துக்கொண்டு எங்காவது போனீர்களா என்பதையும், முடிந்தால், எழுதுங்கள்.

உம்மே ஹானி


புழல்
1 அக்டோபர் 2025

உம்மே ஹானி அவர்களுக்கு,

இல்லை. உங்கள் பெயரைச் சொல்லவில்லை. நான்தான் கேட்டேன், வீட்டில் சொல்லி அனுப்பினார்களா என்று. அதற்கு அவன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "யாரும் சொல்லலடா. எனக்கே போவணும்னு கீது மச்சி. எவ்ளோ நாளுக்குத்தான் அடுத்தவன் கல்யாணத்தையே பாத்துக்கினு கெடக்கறது?" அதுதான் எனக்குத் தாங்கவில்லை. நீங்கள் சொல்லிப் போகிறான் என்றால் எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது. இதில் நான் எதையும் கூட்டவில்லை.

அந்தக் கேமராவோடு தனுஷ்கோடி போனோம். அதுதான் முதல் பயணம். ராமேஸ்வரம் வரைக்கும் ரயில். ஃபிலிம் இரண்டே ரோல்தான் கையில் இருந்தது. ஆளுக்கு ஒன்று என்று பேச்சு. முதல் ரோல் ஹம்மாதுக்கு. கேமராவில் அதைப் போட்டது நான்.

காலையிலிருந்து எடுத்தான். மணலில் நடந்த பெண்கள், மீன் வலை, இடிந்த சர்ச். யாரைப் பார்த்தாலும் பக்கத்தில் போய் இரண்டு வார்த்தை பேசுவான், அவர்கள் சிரிப்பார்கள், அதற்குப் பிறகுதான் கேமராவைத் தூக்குவான். உங்களுக்கு ஞாபகம் இருப்பது சரிதான், அவனுக்குக் கூச்சமே கிடையாது. ரோலுக்குரிய முப்பத்தாறு படம் முடிந்த பிறகும் கேமரா எடுத்துக்கொண்டே போனது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. நான் ஃபிலிமைச் சரியாக மாட்டவில்லை. ரோல் ஒரு சுற்றுகூட நகரவில்லை. அவன் எடுத்த ஒரு படம்கூட அதில் இல்லை.

திட்டுவான் என்று நின்றேன். மணலில் உட்கார்ந்துவிட்டான். பிறகு, "பரவால்ல விடு, நான் பாத்துட்டேன் இல்ல" என்றான். இரண்டாவது ரோலை அவனே மாட்டினான். எனக்கும் மாட்டச் சொல்லிக்கொடுத்தான். அது என் பங்கு ரோல். ஆனால் அதையும் நீயே எடு என்று கொடுத்துவிட்டேன்.

அந்த ரோல் நன்றாக வந்தது. ஒவ்வொரு படமும் எனக்கு மனப்பாடம். இந்த இன்லேண்டில் இனி இடம் இல்லை. அடுத்ததில் ஒவ்வொன்றாக எழுதுகிறேன்.

புகழேந்தி


மயிலாப்பூர்
20 அக்டோபர் 2025

புகழேந்தி அவர்களுக்கு,

இதுதான் நான் உங்களுக்கு எழுதும் கடைசிக் கடிதம். கோபத்தில் எழுதவில்லை.

மெஹக் ஹம்பியிலிருந்து வந்த பிறகும் பேசவில்லை. போனில் எடுத்ததைக் கல்லூரியில் காட்டினாள். யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம், அவள் தோழி சொல்லித்தான் எனக்குத் தெரியும். போன வாரம் நான் குளித்துவிட்டு வரும்போது கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். உள்ளே இருந்த படங்களைப் பார்த்திருக்கிறாள். துணிக்கொடி, காய்கறி வண்டி, எங்கள் வாசல், எல்லாம் கலங்கல். யார் எடுத்தது என்று கேட்டாள். நான்தான் என்றேன். அதில் ஒன்றில் என் விரலே பாதி மறைத்திருந்தது. அதைப் பார்த்து அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள் அப்படியே அழ ஆரம்பித்துவிட்டாள்.

அதன் பிறகுதான் பேசினோம். உங்கள் தனுஷ்கோடிக் கடிதத்தை நானே எடுத்து அவளிடம் கொடுத்தேன். ஒளித்து வைத்தது போதும் என்று தோன்றியது. படித்துவிட்டு மடித்து என் கையில் கொடுத்தாள். பிறகு கேட்டாள்:

"அத்தாவப் பத்தி அந்த ஆளு சொல்லித்தான் நான் தெரிஞ்சிக்கணுமாம்மா?"

"வேற யாரும் இல்லயேடி."

"அப்போ தெரியாமலே இருந்துக்கறேன். எனக்குத் தெரிஞ்ச அத்தா போதும். நீ லெட்டர நிறுத்து. நான் கேமராவ எடுத்துக்கறேன்."

நான் சரி என்று சொல்லிவிட்டேன்.

யோசித்துச் சொன்னேனா என்றால் இல்லை. அவள் கேட்டாள், சொல்லிவிட்டேன். பிறகுதான் யோசித்தேன். எனக்கும் அவரை அந்த வயதில் தெரியாது. மணலில் உட்கார்ந்து "பரவால்ல விடு" என்று சொல்கிற ஹம்மாதை உங்கள் கடிதத்தில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். கல்யாணம் ஆகி வந்தபோது அவர் கொஞ்சம் கோபக்காரராகத்தான் இருந்தார். நானும் அவரைச் சிரிக்க விட்டதில்லை. அந்த இரண்டாவது ரோலில் என்னவெல்லாம் இருந்தது என்று தெரிந்துகொள்ள எனக்கு எவ்வளவு ஆசை என்று உங்களுக்குச் சொல்ல முடியாது. எழுத வேண்டாம். எழுதினாலும் சொர்ணம் அக்காவிடம் வாங்காமல் திருப்பி அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.

என் பெயரை அவர் சொல்லவில்லை என்று எழுதினீர்களே, அதை நம்புகிறேன். அதற்காக மட்டும் இந்தக் கடிதத்தில் உங்களுக்கு ஒரு நன்றி எழுதலாம் என்று நினைத்தேன். எழுத உட்கார்ந்தபோது படிக்கட்டு ஞாபகம் வந்துவிட்டது. உங்களை மன்னிக்கவும் என்னால் முடியவில்லை, நீங்கள் நாசமாகப் போக வேண்டும் என்று நினைக்கவும் இப்போது முடியவில்லை. நடுவில் நிற்கிறேன். இங்கேயேதான் நிற்பேன் போலிருக்கிறது.

உங்கள் கடிதங்களைக் கிழிக்கவில்லை. அவளும் கிழிக்கச் சொல்லவில்லை.

மெஹக் காலையில் குளக்கரைக்குக் கேமராவோடு போகிறாள். நேற்று பூக்கட்டுகிற ஒரு அம்மாவிடம் நின்று பேசி எடுத்தாளாம். அந்த அம்மா நேராகக் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார். படம் கொஞ்சம்கூடக் கலங்கவில்லை. நீங்கள் பார்த்தால் குறை சொல்வீர்களோ என்னவோ, எனக்கு நன்றாக இருந்தது.

இன்னும் இரண்டு வருஷத்தில் வெளியே வந்துவிடுவீர்கள் என்று வக்கீல் என் அண்ணனிடம் சொன்னாராம். வரும்போது மயிலாப்பூர் பக்கம் வர வேண்டாம். பாய் கடையிலும் எங்களைப் பற்றிக் கேட்க வேண்டாம். வேறு எங்கேயாவது போய் நல்லபடியாக இருங்கள்.

உம்மே ஹானி